ஐம்பது கிலோக் கட்டி

விடிய ஐந்தே முக்கால்.
முல்லைத்தீவில், கள்ளப்பாட்டு ஐஸ் கொம்பனியில்
அமோனியா மணம், ஈரச் சாக்கு.
உப்பு மூட்டையில் போனைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.
கனடாவில் இன்னும் நேற்று.

தேசியப் போட்டி, சோடிச் சறுக்கல்.
ஆறு சோடியில் மூன்றாவதாக
தங்கச்சியின் மகள் ரெமீலா.
தகப்பன் பெயர் சூசைதாசன் என்பதை
அறிவிப்பாளர் மூன்று துண்டாய் உடைத்து
நடுத்துண்டைத் தொலைத்தார்.
கூட வந்த நெட்டைப் பெடியன் எத்தியேன்.
"ஏத்தியனோ? ஏத்துறவன்தானே, சரியான பேர்"
என்றான் ஜெறோம்.

எங்களுக்கும் ஐஸ் தெரியும்.
தகர அச்சைத் தண்ணியில் முக்கிக் கவிழ்த்தால்
வெள்ளை வயிறோடு வழுகி வரும்.
கட்டி ஒன்று ஐம்பது கிலோ.
புதுசாய் வாற பெடியள் தூக்கப் பார்ப்பார்கள்,
மறுநாள் நாரி பிடித்துப் படுப்பார்கள்.
ஐஸைத் தூக்கக்கூடாது.
கொக்கி போட்டு வழி காட்ட வேணும்.
இந்தப் பக்கம் நான் தள்ள
அந்தப் பக்கம் ஜெறோம் ஏந்துவான்.
இடையில் ஒரே ஒரு சொல்:
விடு.
பதினொரு வருசமாய் அந்தச் சொல்லில்தான்
எங்கள் கால்விரல்கள் மிச்சம்.

பெட்டை நாற்பத்தாறு கிலோ என்று
தங்கச்சி சொல்லியிருந்தாள்.
கட்டியிலும் நாலு குறைவு.
அதற்காக ஒற்றைக் கையிலா,
தலைக்கு மேலா,
அதுவும் ஓடிக்கொண்டா!
"உருகாத சாமான், அதுதான் துணிஞ்சு தூக்கிறான்"
என்றவனும் ஜெறோம்தான்.

பிறகு அவன் கையைப் பிடித்தபடி
மல்லாந்து சாய்ந்தாள்,
கொண்டை தரையை உரசுமாப்போல.
அவன் நடுவில் நங்கூரமாய் ஊன்றி நிற்க
அவள் சுற்றினாள், சுற்றினாள்.
லொறிக்கார விமலசிறி
வாயில் வைத்த சிகரெட்டைப் பற்றவைக்க மறந்தான்.

அடுத்தது எறிதல்.
இடுப்பில் இரண்டு கையும் வைத்து
ஒரு வளைவு, இன்னொரு வளைவு,
விடு
என்றோம் நானும் ஜெறோமும் ஒரே வாயாய்.
விட்டான்.
அவள் எழும்பினாள்.
டேட்டா நின்றது.

நீலச் சட்டை.
மார்போடு இறுக்கிய கைகள்.
பாதி மூடிய கண்.
அவளுக்குப் பதிலாய்த் திரையில்
ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

வெளியே கூலர் லொறி ஹோர்ன் அடித்தது.
"அண்ணை, மீன் பழுதாகுது!"
ஒருவரும் அசையவில்லை.

எங்கள் வீட்டில் ஆரையும்
சரியான நேரத்தில் விட்டதில்லை.
தங்கச்சியை இரண்டு வருசம் முந்தி விட்டோம்,
தம்பியை ஒரு கிழமை பிந்தி.
அந்தக் கணக்கை இங்கே பார்க்க வரவில்லை.
போனைத் தட்டினேன், ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன்,
அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன்.
அவள் இறங்கவேயில்லை.

படம் திரும்பியபோது
இருவரும் கைகோர்த்து
வளைந்து போய்க்கொண்டிருந்தார்கள்.
"இறங்கிட்டாள்! நான் சொன்னனான்தானே!"
ஜெறோம் சாக்கில் அறைந்தான்.
விமலசிறி தனக்குத் தெரிந்த தமிழில்
"நல்லா, நல்லா" என்றான்.

அவளின் இடத் தொடையில்
வெள்ளையாய் ஒரு திட்டு.
நான் ஐஸ்காரன்.
வாள் அறுக்கத் தூள் எப்படிப் பறக்கும்,
விழுந்தவனில் எப்படி ஒட்டும்
எல்லாம் தெரியும்.
ஒன்றும் சொல்லவில்லை.
கடைசி வரை அவள் அதைத் தட்டவும் இல்லை.

ஐந்தாம் இடம்.
"நடுவர்மாருக்குக் கண் பழுது" என்று
தீர்ப்பளித்துவிட்டு எழும்பினான் ஜெறோம்.
தங்கச்சிக்கு ஒரு பூப்படம் அனுப்பினேன்.

பிறகு வேலை.
கொக்கி, பலகை, கட்டி.
"விடு" என்றான்.
இன்றைக்கு அரை நொடி பிந்தினேன்.
கட்டி கோணிச் சுவரில் மோதி
ஒரு மூலை சிதறிப் போனது.

"என்ன மச்சான்?"

ஒன்றுமில்லை என்றேன்.
சாரமெல்லாம் வெள்ளைத் தூள்.
தட்டாமல்
அடுத்த கட்டிக்குக் கொக்கி போட்டேன்.